ராஜம்மா ஆன்டியும் ஒன்றாம் எண் இன்ஜினும்

சனிக்கிழமை காலை டியூஷனுக்காகக் கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ரயில் ஷா ஆலத்தைத் தாண்டியபோது நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. "ராஜம்மா ஆன்டி இன்று விடியற்காலை காலமானார்." அதன் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எனக்கு அழுகை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. குழுவில் யார் எதைப் பகிர்ந்தாலும், "யார் சொன்னது? நேர்ல பாத்தீங்களா?" என்று முதல் ஆளாகக் கேட்பவர் அவர்தான். மழை வரும் என்று போட்டாலும் கேட்பார். பத்துமலைப் படியில் கூட்டம் இல்லை என்று ஒருவர் படம் அனுப்பியபோது, "இது இந்த வருஷத்துப் படமா?" என்று கேட்டு அவரைக் குழுவை விட்டே விலக வைத்தவர். அன்று அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் இல்லை. நானே தட்டச்சு செய்துவிட்டு அழித்தேன். சுபாங் ஜெயாவில் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலுக்காக நின்றபோதுதான் செய்தி உண்மை என்று மனதுக்குப் பட்டது.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெரும்பாலோருக்கு அவரைத் தெரியும். தெரியாத இரண்டொருவருக்காகச் சொல்கிறேன். கிள்ளானில் இப்போது மூடிக் கிடக்கும் உரத் தொழிற்சாலையில், ரயில் இன்ஜின் கொட்டகையின் ஸ்டோருக்கு அவர்தான் பொறுப்பாக இருந்தார். தொழிற்சாலைக்குள்ளேயே தண்டவாளம் உண்டு. உர மூட்டைகள் ஏற்றிய வேகன்களை இரண்டு சிறிய மஞ்சள் டீசல் இன்ஜின்கள் இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய பாதையில் விட்டு வரும். அந்த இன்ஜின்களுக்கு ஒரு போல்ட் வேண்டுமென்றாலும் ராஜம்மா ஆன்டியின் ஜன்னலில்தான் கேட்க வேண்டும். அவருடைய சட்டம் ஒன்றுதான்: "பழசு வராம புதுசு போகாது." தேய்ந்ததை, உடைந்ததை, கருகியதைக் கொண்டு வந்து மேசையில் வைத்தால்தான் புதியது கிடைக்கும். வாங்கிய பழையதில் ஓர் அட்டையைக் கம்பியால் கட்டி, எந்த இன்ஜினிலிருந்து வந்தது என்று எழுதி வைப்பார். அந்த ஜன்னலில் காத்து நின்றவர்களில் பலர் இன்று நம் வட்டத்தின் மூத்த உறுப்பினர்கள். அவர்கள் இந்த வரியைப் படித்துச் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நம் நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போதும் அவர் ஸ்டோர்காரராகவே இருந்தார். முதலில் புத்தகத்தைக் கவிழ்த்து உதறுவார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். முடிவை முன்பே படித்துவிடுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"படிக்கல லா. இருக்கான்னு பாக்குறேன். எவனாவது கிழிச்சிருந்தா, யாரு செத்தா யாரு பொழைச்சான்னு தெரியாமலே திருப்பிக் கொடுக்கணும்."

"இதுவரைக்கும் கிழிஞ்சிருந்துச்சா ஆன்டி?"

"ஒரு தடவ." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது சமையல் புத்தகம்."

எங்களுக்குள் பகை வந்தது என் கட்டுரையால். தொழிற்சாலை நிலம் கைமாறியதும், கொட்டகையில் நின்ற இரண்டு இன்ஜின்களில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ள ஓர் அருங்காட்சியகம் முன்வந்தது. மற்றது பழைய இரும்புக்குப் போக வேண்டியதுதான். எதைக் கொடுப்பது என்று பேச, முன்னாள் தொழிலாளர்கள் ஒரு குழு அமைத்தார்கள். அதற்குத் தலைவர், இன்ஜின் ஓட்டுநராக இருந்த தேவராஜ் அங்கிள். பள்ளியில் ஐந்தாம் படிவத்தில் படிக்கும் எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இன்ஜின் பக்கத்தில் வைக்கும் பலகையில் எழுத வேண்டிய வரலாற்றைத் தமிழில் எழுதித்தர ஆள் தேடினார்கள். நம் வட்டம் என்னைக் கைகாட்டியது. நான் உற்சாகமாகப் பத்துப் பக்கம் எழுதினேன். நீராவி இன்ஜின் என்றால் எல்லோரும் படம் எடுக்க ஓடுகிறார்கள். உழைத்துத் தேய்ந்த டீசல் இன்ஜினை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அழகில்லாத இயந்திரங்களுக்கும் வரலாறு உண்டு என்றெல்லாம் எழுதியிருந்தேன். ஒன்றாம் எண் இன்ஜினைத்தான் காக்க வேண்டும் என்பது என் முடிவு. அது ராசியான இன்ஜின். ஆயுத பூஜையன்று முதல் மாலை அதற்குத்தான். இரண்டாம் எண் ஓர் ஆளைக் கொன்ற இன்ஜின். வேகன்களைக் கோக்கும் வேலையில் இருந்த முனுசாமி என்பவர் அதற்கும் வேகனுக்கும் நடுவே நசுங்கி இறந்திருந்தார். அதன் பிறகு எல்லா ஓட்டுநர்களும் அதில் ஏற மறுத்துவிட்டதால் அது கொட்டகை மூலையிலேயே துருப்பிடித்துப் போனது.

முனுசாமியின் மகள் கஸ்தூரி அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். கிள்ளான் லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருக்கிறார். அப்பா இறந்தபோது அவருக்கு இரண்டு வயது. தகப்பனை இழந்த குழந்தையின் கையால் மாலை போட்டால் இன்ஜின் இனி எவரையும் தொடாது என்று யாரோ சொல்ல, ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்து ஒன்றாம் எண்ணுக்கு மாலை போட வைத்தார்கள். அவர் வளர்ந்த பிறகும், தொழிற்சாலை மூடும்வரை அது நடந்தது. பூஜைச் சாமான்கள் ஸ்டோரில்தான் இருக்கும். மாலையை எடுத்துக் குழந்தை கையில் கொடுப்பவர் ராஜம்மா ஆன்டி. இன்ஜின் அருங்காட்சியகத்துக்குப் போகும் நாளிலும் கஸ்தூரி அக்காவே மாலை போட வேண்டும் என்று என் கட்டுரையை முடித்திருந்தேன்.

கூட்டத்தில் நான் வாசித்து முடித்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். ராஜம்மா ஆன்டி மட்டும் எழுந்து நின்றார்.

"அந்த இஞ்சின மியூசியத்துல வைக்கக் கூடாது."

"ஏன் ராஜம்மா? அப்ப ரெண்டாம் நம்பரை வைக்கச் சொல்றியா?" என்று தேவராஜ் அங்கிள் கேட்டார்.

"ரெண்டும் வேணாம். ரெண்டையும் வெட்டிப் போடுங்க."

"காரணம் சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் கேட்டுக் கேட்டே எல்லோரையும் வாட்டியவர் காரணம் சொல்ல மறுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் என் குறிப்பேட்டில் ஒரு பக்கத்தை ஒதுக்கினேன். அவருடைய தம்பி மருமகன் பந்திங்கில் பழைய இரும்பு லோரி ஓட்டுகிறார் என்பதை முதல் வரியாக எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

அடுத்த வாரம் தேவராஜ் அங்கிள் என் சந்தேகத்துக்கு எண்ணெய் ஊற்றினார். "அந்தம்மா போன ஞாயித்துக்கிழமை கொட்டகையில இருந்துச்சாம். கையில கத்தியாம். வாட்ச்மேன் சொன்னான்." வெண்கலப் பாகங்களைக் கழற்றுகிறார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. ஒன்றாம் எண் இன்ஜினின் படிக்குக் கீழே ராஜம்மா ஆன்டி குந்தி உட்கார்ந்து, சுவர்ச் சாயம் சுரண்டும் தகட்டால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை.

"நீ இங்க என்ன செய்யற?"

"நீங்க என்ன செய்யறீங்கன்னு பாக்க வந்தேன்."

"அப்ப சந்தேகம் இருக்கு. நல்லது. கைப்பேசியில லைட் இருக்கா? கிட்ட வா."

அவர் ஒன்றையும் கழற்றவில்லை. படிக்குப் பின்னால், இன்ஜினின் அடிச்சட்டத்தில் அது பிறந்த ஆலையிலேயே அடித்த எண் ஒன்று இருக்குமாம். மேலே மாட்டும் தகட்டை மாற்றலாம், சாயத்தை மாற்றலாம். இதை மாற்ற முடியாது. ஒன்றாம் எண்ணுக்கு அது 4417. இரண்டாம் எண்ணுக்கு 4418. பழைய பாகங்களில் கட்டிய அட்டைகளில் எல்லாம் இந்த எண்களைத்தான் எழுதி வந்தார். ஐந்து அடுக்கு மஞ்சள் சாயம் செதில் செதிலாக உதிர்ந்தது. நான் விளக்கைப் பிடித்தேன். முதலில் இரண்டு நான்குகள் வந்தன. பிறகு ஒன்று. கடைசி எண்ணின் மேல்வளைவு தெரிந்தபோது அவர் கை நின்றது. மீதியை நான் சுரண்டினேன். எட்டு.

ராஜம்மா ஆன்டி தண்டவாளத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். "நடுவுல யாராச்சும் திரும்ப மாத்தியிருப்பாங்களோன்னு ஒரு ஆசை" என்றார்.

அங்கேயேதான் எனக்குச் சொன்னார். முனுசாமி இறந்து இரண்டு மாதம் ஆகியும் ஓட்டுநர்கள் இரண்டாம் எண்ணைத் தொடவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கியும் பார்த்தார்கள், பூசணிக்காய் உடைத்தும் பார்த்தார்கள். யாரும் ஏறவில்லை. அந்த நேரம் பார்த்து ஒன்றாம் எண்ணின் கியர் பெட்டி உடைந்தது. வேகன்கள் தேங்கி நின்றன. சீனப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலை மூடியபோது மேலாளர், கொட்டகை மேற்பார்வையாளரான மண்டோர் மூலம் வெளியாட்களைக் கூட்டி வந்து இரண்டு இன்ஜின்களுக்கும் புதுச் சாயம் அடிக்க வைத்தார். எண் தகடுகளைக் கழற்றி ஸ்டோரில் கொடுத்துவிட்டு, சாயம் காய்ந்த பிறகு வாங்கிப் போனார்கள். இரண்டாம் எண்ணில் ஒன்று என்ற தகடும், ஒன்றாம் எண்ணில் இரண்டு என்ற தகடும் மாட்டப்பட்டன. விடுமுறை முடிந்து வந்த ஓட்டுநர்கள், கொலைகார இன்ஜின் கெட்டு நிற்பதையும் ராசியான இன்ஜின் ஓடுவதையும் பார்த்து மகிழ்ந்து, ஒன்று என்ற தகடு மாட்டிய இன்ஜினில் ஏறினார்கள். ஓட்டத்தில் தெரிந்த வித்தியாசத்தையெல்லாம் பழுது பார்த்ததால் வந்தது என்று எடுத்துக்கொண்டார்கள்.

"தகட்டை மாத்தி எடுத்துக் கொடுத்தது நான்தான். வெளியாளுக்கு எது எதுன்னு என்ன தெரியும்? மண்டோர் பக்கத்துல நின்னாரு. நான் கொடுத்தேன்."

எனக்கு உடனே தோன்றியது கஸ்தூரி அக்காவின் மாலைதான். அப்பாவைக் கொன்ற இன்ஜினுக்கே அந்தக் குழந்தை வருடா வருடம் மாலை போட்டிருக்கிறது. இன்னொரு முறை, எல்லோர் முன்னிலையிலும், படம் எடுப்பவர்கள் நடுவில் போட வைக்க நான்தான் எழுதியிருக்கிறேன்.

"அதுக்குத்தான் வெட்டிப் போடச் சொன்னேன்" என்றார்.

நான் வாதாடினேன். அருங்காட்சியகம் நல்ல பிள்ளைகளுக்குத் தரும் பரிசு அல்ல; நடந்ததைச் சொல்லும் இடம்; உண்மையை எழுதியே வைக்கலாம் என்றேன். படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எழுதறது யாரு?"

"நான் எழுதறேன்."

"நீ எழுதிக் கொடுப்ப. அதுக்கப்புறம்? நாலு பேரு கையில போகும். ஒருத்தன் இது நீளமா இருக்குன்னுவான். ஒருத்தன் இது மனசு கஷ்டமா இருக்குன்னுவான். கடைசியில 'தொழிலாளர்களின் தோழன்'னு எழுதி வைப்பாங்க. பேனா புடிச்சவன எல்லாம் நம்பிடாத யாழினி. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்பவே ஏன் ஆன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"வேலை போயிடுமேன்னு பயம்" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் அதை நம்பவில்லை. மேலாளர் தன் மகன் திருமணத்துக்கு ஸ்டோர் கயிற்றைக் கேட்டபோது, பழைய கயிறு எங்கே என்று கேட்டவர் அவர். தேவராஜ் அங்கிள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை அது. வேலைக்குப் பயந்த ஆள் அப்படிக் கேட்கமாட்டார். இன்னும் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கஸ்தூரியிடம் சொல்லப் போகிறேன், நீ கூட வா என்றார்.

"நான் எதுக்கு ஆன்டி?"

"சாட்சிக்கு. என் மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல. பாதி சொல்லிட்டு எந்திரிச்சிடுவேன். முழுசா சொல்லலன்னு தோணுச்சுன்னா இருமு."

"முழுசா எதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதான் உனக்கு எப்பவும் சந்தேகமாச்சே."

கஸ்தூரி அக்கா ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். தீபாவளி நெருங்கியிருந்ததால் கடை முழுக்கத் துணி. "வாங்க ஆன்டி! என்ன, குட்டி செக்ரட்டரியோட வந்திருக்கீங்க? மாலை போடுற அன்னைக்கு எந்தப் புடவை கட்டணும்னு சொல்ல வந்தீங்களா?" என்று சிரித்தார். ராஜம்மா ஆன்டி உட்கார்ந்தார். கோப்பி வேண்டாம் என்றார். தகடு மாற்றிய கதையை முதலிலிருந்து சொன்னார். கஸ்தூரி அக்காவின் கால் தையல் இயந்திரத்தின் மிதியிலேயே இருந்தது, ஆனால் ஊசி ஓடவில்லை.

"அப்ப நான் மாலை போட்டது..." என்று மட்டும் சொன்னார்.

"ஆமா. என் கையாலதான் எடுத்துக் கொடுத்தேன்."

ராஜம்மா ஆன்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் கொட்டகையில் என் கேள்விக்குப் பதில் சொன்னபோது என்னைப் பார்க்காததைப் போலவே இப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருமினேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நன்றியும் இல்லை, கோபமும் இல்லை. மறுபடி உட்கார்ந்தார்.

"அன்னைக்குக் காலையில இஞ்சின் பழுது பாக்குற பிட்டர் வந்தான்" என்று ஆரம்பித்தார். "ரெண்டாம் நம்பருக்குப் பிரேக் கட்டை வேணும்னான். நாலு சக்கரத்துக்கு நாலு கட்டை. பழசு மூணுதான் கொண்டு வந்திருந்தான். நாலாவது எங்கன்னேன். லைன்ல எங்கயோ விழுந்துடுச்சுக்கா, இதுக்கெல்லாமா கணக்குன்னான். போன வாரம்தான் ரெண்டு கட்டை காணோம்னு மண்டோர் என்னை எல்லார் முன்னாடியும் திட்டியிருந்தாரு. பழசு வராம புதுசு போகாதுன்னேன். மூணு கொடுத்தேன். போய்த் தேடி எடுத்துட்டு வா, நாலாவது தர்றேன்னேன். அவன் தேடப் போனான். மழை புடிச்சிகிச்சு. வேகனை எடுக்கணும்னு அவசரம். நாலாவது சக்கரத்துல கட்டையே இல்லாம இஞ்சின் போயிடுச்சு. மத்தியானம் உங்கப்பா..."

கஸ்தூரி அக்கா நிமிர்ந்தார். "மழைன்னுதானே சொன்னாங்க? தண்டவாளம் வழுக்கிடுச்சுன்னு. எங்கம்மா சாகற வரைக்கும் மழையைத் திட்டிகிட்டு இருந்தாங்க."

"மழையும் பேஞ்சுச்சு மா."

"கட்டை இருந்திருந்தா நின்னிருக்குமா?"

"தெரியல."

"தெரியலன்னா எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க?"

"தெரியலன்றதைத்தான் சொல்ல வந்தேன். விசாரணையில என்னை யாரும் கேக்கல. நானும் சொல்லல. தகட்டை மாத்தச் சொன்னப்போ, அந்த நம்பர் மூலைக்குப் போயி என் கண்ணுல படாம இருந்தா போதும்னு கொடுத்துட்டேன். மூணு கட்டை நிறுத்தியிருக்கலாம். நாலு கட்டை இருந்தும் நிக்காம போயிருக்கலாம். யோசிக்காத நாள் இல்ல. ஒரு நாள் மழைன்னு தோணும். ஒரு நாள் நான்னு தோணும்."

கஸ்தூரி அக்கா ரவிக்கைத் துணியை மடித்தார், மறுபடி விரித்தார். "போங்க ஆன்டி" என்றார். குரல் உயரவில்லை. "இதை இன்னைக்குத் தைச்சுக் கொடுக்கணும். ஆள் வந்துடும்."

நாங்கள் வெளியே வந்தோம். அந்தத் தெரு எப்போதும் போலப் பூக்கடைச் சத்தமும் பாட்டுச் சத்தமுமாக இருந்தது. ராஜம்மா ஆன்டி பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் நடந்தார். பஸ் வந்தபோது சொன்னார்: "நல்லா இருமுற."

அடுத்த கூட்டத்தில் குழுவிடமும் அவரே எல்லாவற்றையும் சொன்னார். தேவராஜ் அங்கிளின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருடம் அந்த இன்ஜினை ஓட்டியவர்; அதன் படியைத் தொட்டுக் கும்பிடாமல் ஏறாதவர். "பிரேக் ஒரு மாதிரி இழுக்குதுன்னு அப்பவே சொன்னேன், எவனாச்சும் கேட்டீங்களா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சண்டைக்குப் போனார். பிறகு ராஜம்மா ஆன்டியிடம் திரும்பி, "என்னை ஏமாத்தி ஏத்திட்டியே ராஜம்மா" என்றார். "ஆமாண்ணே" என்றார் அவர்.

ஒருவர், இப்போது யாருக்கு என்ன நஷ்டம், ஒன்று என்றே இருக்கட்டும், ராசியான இன்ஜின் என்று அனுப்பிவிடலாம் என்றார். இன்னொருவர், மூலையில் நிற்கும் இரண்டாம் எண்தானே உண்மையில் ஒன்றாம் எண், அதையே துடைத்துச் சாயம் அடித்து அனுப்பலாம் என்றார். பாவம், ஒரு குற்றமும் செய்யாமல் இத்தனை வருடம் ஒதுங்கி நின்ற இன்ஜின். அதைக் காப்பாற்றினால் நியாயமாக இருக்குமே என்று எனக்கும் ஆசையாக இருந்தது. ராஜம்மா ஆன்டியைப் பார்த்தேன்.

"அதுல பாதி பாகம் இல்ல" என்றார். "கழட்டிக் கழட்டி ஓடுன இஞ்சினுக்குத்தான் கொடுத்திருக்கேன். எந்த இஞ்சினை அனுப்பணும்னு நீங்க முடிவு பண்ணாதீங்க, நானும் பண்ணல. கஸ்தூரி சொல்லட்டும். வெட்டுன்னா வெட்டுங்க."

கஸ்தூரி அக்கா எதுவும் சொல்லவில்லை. தீபாவளி வந்து போனது. ராஜம்மா ஆன்டி இரண்டு முறை அவர் கடைத் தெருவரை போய்த் திரும்பியதாகக் கேள்விப்பட்டேன். அந்த நாட்களில் ஒருமுறை நூலகத்தில் என்னிடம், "நான் போனப்புறம் நீதான் எழுதுவேன்னு தெரியும்" என்றார். நான் அப்படியெல்லாம் பேசாதீர்கள் என்றேன். "செத்ததும் எல்லாரும் தங்கமாயிடுறாங்க லா. எனக்கு அது வேணாம். அந்த மூணு கட்டையையும் எழுது." அதனால்தான் இதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். அஞ்சலியில் இதை எழுதலாமா என்று நம் வட்டத்தில் சிலர் கேட்பீர்கள். அவர் கேட்டுக்கொண்டார் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இறுதிச் சடங்கு. தேவராஜ் அங்கிள் வந்தார். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். பெட்டியை மூடுவதற்குக் கொஞ்ச நேரத்துக்கு முன் கஸ்தூரி அக்கா வந்தார். கையில் மாலை இல்லை. உள்ளே போய், சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தார். நான் கூடாரத்தின் ஓரத்தில் இருந்தேன். என்னிடம் வந்தார்.

"அவங்க மேல எனக்குக் கோபம் போகல" என்றார். "போகுமான்னும் தெரியல. ஆனா எங்கம்மாகிட்ட எல்லாரும் மழைன்னு சொன்னாங்க. மண்டோர் சொன்னாரு, மேனேஜர் சொன்னாரு. இவங்க ஒருத்தங்கதான் வந்து தெரியலன்னு சொன்னாங்க."

நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தேன்.

"அந்த இஞ்சினை அனுப்பச் சொல்லு. ரெண்டுன்னு நம்பர் போட்டு அனுப்பணும். எங்கப்பா பேரு இருக்கணும். அவங்க பேரும் இருக்கணும்."

"அவங்க பேரை எப்படிக்கா போடறது?"

"எப்படி நடந்துச்சோ அப்படி. மாலை கீலை எல்லாம் நான் போட மாட்டேன். அதுவும் சொல்லிடு."

அன்று மாலையே உட்கார்ந்து பலகைக்கான வாசகத்தை எழுதினேன். என் பத்துப் பக்கங்களில் ஒரு வரிகூட அதில் இல்லை. எழுதியது இவ்வளவுதான்:

"இது உரத் தொழிற்சாலையின் இரண்டாம் எண் டீசல் இன்ஜின். வேகன்களைக் கோக்கும் தொழிலாளி முனுசாமி இந்த இன்ஜினுக்கும் வேகனுக்கும் நடுவே நசுங்கி இறந்தார். ஓட்டுநர்கள் இதில் ஏற மறுத்ததால் எண் தகடு மாற்றப்பட்டு, ஒன்றாம் எண்ணாகப் பல ஆண்டுகள் ஓடியது. தகட்டை எடுத்துக் கொடுத்தவர் ஸ்டோர் பொறுப்பாளர் ராஜம்மா. விபத்து நடந்த அன்று இதன் நான்கு சக்கரங்களில் மூன்றில்தான் பிரேக் கட்டை இருந்தது. பழைய கட்டை திரும்பி வராததால் நான்காவதை அவர் தரவில்லை. இன்ஜின் நிற்காமல் போனது மழையாலா, கட்டை இல்லாததாலா என்பது தெரியவில்லை. இவற்றைப் பின்னாளில் தானாக முன்வந்து சொன்னவரும் ராஜம்மாவே."

இதை இன்ஜின் குழுவுக்கு அனுப்பினேன்; அதில் ஒருவர் நேற்று தொலைபேசியில் அழைத்தார். நன்றாக இருக்கிறது மா என்றார். நீளம் கொஞ்சம் அதிகம் என்றார். 'தெரியவில்லை' என்று ஒரு பலகையில் எழுதினால் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள், ஆராய்ச்சி செய்யாமல் எழுதியது போல் இருக்காதா, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாமே என்று அன்பாகக் கேட்டார். அவர் நல்லவர். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று நம்பத்தான் விரும்புகிறேன்.

ராஜம்மா ஆன்டியிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். தெரிந்தது போலச் சொல்லி முடித்துவிட அவருக்கு ஒரு வாழ்நாள் முழுக்க வாய்ப்பு இருந்தது. மழை என்று சொல்லியிருக்கலாம். விசாரணையே அப்படித்தான் சொன்னது. அல்லது, எல்லாம் என் தப்பு என்று அழுது மன்னிப்பையாவது வாங்கியிருக்கலாம். இரண்டையும் செய்யாமல், தெரியவில்லை என்று சொல்வதற்காகவே அவர் அந்தத் தையல் கடைக்குள் போனார். குழுவுக்கு நான் பதில் அனுப்பிவிட்டேன். வேறு எந்த வரியை வேண்டுமானாலும் சுருக்கித் தருகிறேன்; அந்த வரியை எடுக்கமாட்டேன்.